உடன் வசிக்காத உறவினர் ஒருவர்

கூலிமில் நாங்கள் சாமான் வாங்கப் போகும் பேரங்காடியின் வாசலில், மின்படிக்கட்டுக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரு மேசை போட்டிருக்கும். மேசைக்குப் பின்னால் பளபளவென்று பயணப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். கிரெடிட் கார்டு எடுத்தால் பெட்டி இலவசம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளி நடப்பேன். சும்மா பெட்டி கொடுக்கிறவன் அதன் விலையை எங்கேயோ என்னிடமிருந்து எடுக்கப் போகிறான். எங்கே என்பதுதான் எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நான் காலை வைப்பதில்லை.

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் கணவர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். பசாரில் மீன்காரர் தராசிலிருந்து கையை எடுக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். போனில் யாராவது "வாழ்த்துகள்" என்று ஆரம்பித்தால் அங்கேயே வைத்துவிடுவேன். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இத்தனை வருடமாக இருக்கிறேன். நல்லதாகத் தெரிகிற பொருளைத் திருப்பிப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா?

அப்படிப்பட்ட நானே ஒரு கிரெடிட் கார்டு வேண்டும் என்று கிளம்பினேன். காரணம் என் மகள். கடல் தாண்டி, சரவாக்கில் படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்கு நானும் அவள் அப்பாவும் போக வேண்டும். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்தக் கறுப்பு அங்கியை முதலில் போடப் போகிறவள் அவள்தான். நான் அங்கே இல்லாமல் அந்த விழா நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. விமான டிக்கெட் வேண்டும், தங்க அறை வேண்டும். நாள் போகப் போக விலை ஏறிக்கொண்டிருந்தது.

அதுவரை டிக்கெட் தேவைப்பட்டால் எங்கள் பிரிவில் ஒருவர் தன் கார்டில் எடுத்துக் கொடுப்பார். நான் கையில் காசைக் கொடுத்துவிடுவேன். கடைசி முறை அவர் சொன்ன விலையும் மகள் தன் போனில் பார்த்த விலையும் ஒத்துப்போகவில்லை. கேட்டேன்.

"அக்கா, அது சர்வீஸ் சார்ஜ் லா."

"யாரு போட்ட சார்ஜ்?"

டீ ஆறுகிறது என்று எழுந்து போய்விட்டார். அந்த டீயில் அப்போதுதான் ஐஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"டெபிட் கார்டு இருக்குல்ல, அதுலயே எடேன்," என்றார் என் கணவர். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். எதையும் சுலபமாக எடுத்துக்கொள்கிற மனிதர். டெபிட் கார்டு என்பது என் சம்பளக் கணக்கின் வாசல். அந்த எண்ணை இணையத்தில் எவனிடமோ கொடுப்பதும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதும் ஒன்றுதான். எங்கள் பிரிவில் ஒரு பெண் இப்படித்தான் மலிவு விலைச் செருப்பு வாங்கப் போய், சம்பளம் மொத்தத்தையும் பறிகொடுத்துவிட்டு அழுதாள். கிரெடிட் கார்டில் அப்படி நடந்தால் முதலில் போவது வங்கியின் பணம். அவர்கள் பணம் என்றால் அவர்களே ஓடித் தேடுவார்கள். இதை நானே யோசித்துக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எந்தக் கார்டு நல்லது என்று கேன்டீனில் கேட்டது பெரிய தப்பு. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்திக்கு அவள் கார்டு நல்லது, ஏனென்றால் ஏர் பிரையர் கொடுத்தார்கள். இன்னொருத்தர் தன்னுடைய கார்டுதான் எடுக்க வேண்டும் என்று மூன்று இடைவேளையிலும் என் பின்னாலேயே வந்தார். இவ்வளவு அக்கறை எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். ஆள் சேர்த்துவிட்டால் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கிடைக்குமாம். அதன் பிறகு அவரைக் கண்டால் நான் கழிவறைப் பக்கம் திரும்பிவிடுவேன்.

வாசல் மேசைகளை நம்பாமல் நேராக வங்கிக்கே போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம்.

"ஆன்ட்டி, இந்தக் கார்டு எடுங்க. ஏர்போர்ட் லவுஞ்ச்ல ஃப்ரீயா சாப்பிடலாம்."

"நான் வருசத்துக்கு ஒரு தடவ ஃப்ளைட் ஏறுனாலே பெருசு. எனக்கு எதுக்குச் சும்மா சோறு போடுறாங்க?"

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

"அப்ப இது? பெட்ரோலுக்குக் காசு திரும்ப வரும்."

"எங்ககிட்ட ஒரு மோட்டார் சைக்கிள்தான் இருக்கு. எவ்ளோ குடிச்சிரும் அது?"

"மத்த சாமானும் வாங்கணும் ஆன்ட்டி. மாசம் இவ்வளவு செலவு பண்ணாத்தான் அந்த ஆஃபர்."

அதாவது காசு திரும்ப வருவதற்காக நான் முதலில் தேவையில்லாததை எல்லாம் வாங்க வேண்டும். துண்டறிக்கையை அவள் கையிலிருந்து வாங்கிப் பின்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். இது என் வழக்கம். முன்பக்கம் அவர்கள் எனக்குச் சொல்ல விரும்புவது. பின்பக்கம் சட்டம் சொல்லச் சொன்னது.

"ஒரு மாசம் முழுசா கட்ட முடியலன்னா?"

"மினிமம் மட்டும் கட்டினா போதும் ஆன்ட்டி."

"மிச்சம்?"

"அது அடுத்த மாசத்துக்குப் போயிரும்."

"சும்மாவா போகும்?"

அவள் குரலைத் தாழ்த்தி, விரலால் ஒரு வரியைக் காட்டினாள். எறும்பு எழுத்தில் வட்டி எழுதியிருந்தது. அந்த விரலுக்காகவே எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சாம்பல் நிறம். பெட்டி கிடையாது, கடிகாரம் கிடையாது, விமான நிலையச் சோறு கிடையாது. ஆண்டுக் கட்டணமும் கிடையாது. உச்சவரம்பை அவர்கள் கொடுப்பதைவிடக் குறைவாக வைக்கச் சொன்னேன்.

"கூட இருக்கட்டுமே ஆன்ட்டி, அவசரத்துக்கு ஆகும்."

"அவசரம் வந்தா நானே வந்து கேக்குறேன்."

எல்லாம் எழுதியாயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. உடன் வசிக்காத உறவினர் ஒருவரின் பெயர், தொலைபேசி எண். என் பேனா நின்றுவிட்டது.

"இது ஜாமீனா?"

"இல்ல ஆன்ட்டி. உங்கள பிடிக்க முடியலன்னா கூப்பிட்டுக் கேக்க ஒரு ஆளு. அவ்வளவுதான்."

நான் விடவில்லை. நான் கட்டாவிட்டால் அவரிடம் கேட்பீர்களா, அவர் சம்பளத்தில் கை வைப்பீர்களா, அவர் பெயர் கெட்டுப்போகுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். உண்மைதான், பெயர் மட்டும்தான். நாளைக்கு வருகிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். நாங்கள் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்கு நிரந்தர வேலை, கையில் சம்பளச் சீட்டு. லயத்து வரிசை வீடுகளில் எவருக்கு என்ன வேண்டுமென்றாலும் நிரந்தர வேலைக்காரன் பெயரில்தான் கடையில் கொடுப்பார்கள். கேட்டால் கொடுப்பதுதான் வழக்கம். கொடுக்காவிட்டால் குழாயடியில் அம்மாவிடம் யாரும் பேச மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் எடுத்தபோது அப்பா ஜாமீன் போட்டார். "பேரு மட்டும்தான்," என்று கடைக்காரன் சொன்னானாம். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரோடு தெற்கே ஜொகூருக்குப் போய்விட்டார். தவணை எங்கள் வீட்டுக்கு வந்தது. தீபாவளிக்கென்று வளர்த்த இரண்டு ஆடுகளும் கடைக்காரனுக்காக விலை போயின. அவற்றுக்குத் தழை ஒடித்துப் போட்டவள் நான். அன்றையிலிருந்து இன்றுவரை என் பெயரை நான் எவருக்கும் கொடுத்ததில்லை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும். கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

இப்போது எனக்கு ஒரு பெயர் வேண்டும். கூலிமிலேயே இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பேரு மட்டும்தானா?" என்றார் அண்ணன். "அப்பாவுக்கும் அப்படித்தான்மா சொன்னாங்க."

"அண்ணே, நான் படிச்சுப் பாத்துட்டேன். வெறும் காண்டாக்ட்தான்."

"அவங்க எழுதுறதுல எத நம்புற? நீயா இப்படி ஏமாறுற?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அதே சமயம் அவர் இடத்தில் நான் இருந்தால் வார்த்தை மாறாமல் இதையேதான் சொல்லியிருப்பேன் என்றும் தெரிந்தது. அதன் பிறகு யாரைக் கேட்பது என்று போனிலிருந்த பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயரிலும் நான் ஒரு காலத்தில் மாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. இவ்வளவு பெரிய குடும்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப எனக்கு ஆள் இல்லை. அது பயமாகத்தான் இருந்தது.

"என் தங்கச்சியக் கேளு," என்றார் கணவர்.

என் நாத்தனாரா? அவள் பெண்டாங்கில் இருக்கிறாள். சாலையோரத்தில் காலைப் பசியாறல் கடை, தோசையும் நாசி லெமாக் தேங்காய்ச் சோறும். சில வருடங்களுக்கு முன் ஒரு பூசைக்கென்று என் பிரஷர் குக்கரை வாங்கிப் போனாள். திரும்பி வந்த குக்கரின் மேல் இருந்தது என் வெயிட் இல்லை. என்னுடையது ஒரு பக்கம் நசுங்கியது, ஆனால் ஒழுங்காக விசில் அடிக்கும். வந்தது புத்தம் புதிது, பொருந்தவில்லை. ஆடும், கத்தாது. கேட்டதற்கு "அதேதான் அண்ணி" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் வா, சாப்பிட்டியா, போய்ட்டு வா என்ற அளவில்தான் பேசிக்கொள்வோம். ஒரு குக்கர் வெயிட்டில் பொய் சொல்கிறவளை நான் எப்படி வங்கித் தாளில் எழுதுவது?

என் கணவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

"அண்ணி கிரெடிட் கார்டு எடுக்குது. பாரத்துல ஒரு சொந்தக்காரங்க பேரு போடணுமாம்."

அந்தப் பக்கம் தோசைக்கல் சுரண்டும் சத்தம் நின்றது.

"அண்ணிக்கா? அண்ணியா கேட்டாங்க?"

"ஆமா."

"அப்ப என் பேரப் போடுண்ணே. ஐசி நம்பர் சொல்றேன், எழுதிக்க."

அந்த அடையாள அட்டை எண்ணை நாங்கள் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள். போனை வைத்ததும் கணவர் என்னை வெற்றியோடு பார்த்தார். எனக்கு உள்ளே மணி அடித்தது. என் கூடப் பிறந்தவரே யோசித்த இடத்தில், வெயிட்டை மாற்றியவள் ஒரே மூச்சில் சரி என்கிறாள் என்றால் இதில் அவளுக்கு என்ன இருக்கிறது? வேறு வழியில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

கார்டு வந்தது. டிக்கெட்டும் அறையும் எடுத்தேன். சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் எடுத்தேன். அதற்குள் நாத்தனாரிடமிருந்து போன்கள் வர ஆரம்பித்துவிட்டன. சாதாரணமாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கூப்பிடுகிறவள்.

"அண்ணி, பேங்க்ல இருந்து எனக்குப் போன் பண்ணாங்க. உங்களத் தெரியுமான்னு கேட்டாங்க. நல்லாத் தெரியும், ரொம்ப நேர்மையானவங்கன்னு சொல்லிட்டேன்."

"அதெல்லாம் அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல. நானாத்தான் சொன்னேன். எவ்ளோ லிமிட் குடுத்தாங்க அண்ணி?"

வந்துவிட்டது பாருங்கள். லிமிட் இவளுக்கு எதற்கு? அடுத்த முறை, "இந்த மாசம் பில் வந்துருச்சா?" அதற்கடுத்த முறை, "என்னென்ன வாங்குனீங்க?" நான் பிடிகொடுக்காமல் பேசினேன். அவள் மகனுக்குப் போன் கேட்கப் போகிறாள், இல்லை வீட்டுக்கு ஏதாவது பெரிய சாமான் கேட்கப் போகிறாள். கேட்கும் நாளுக்காகப் பதிலையும் தயாராக வைத்திருந்தேன். சமைக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்துவிட்டாள். லோரி ஓட்டும் அவள் கணவர் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கையில் ஒரு மூட்டை புது அரிசி. நான் அரிசியைப் பார்த்தேன், இலவசப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. அவள் உட்காரவில்லை. கூடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். மேலே புது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இது புதுசா அண்ணி?"

"ஆமா."

"கார்டுலயா எடுத்தீங்க?"

"காசு குடுத்து."

"அப்பாடா." பெருமூச்சு விட்டாள். பிறகு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். "போன மாசத்து பில்லு முழுசா கட்டியாச்சா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. தயாராக வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன்.

"உனக்கு என்ன வேணும்? நேராக் கேளு. போனா, ஃப்ரிட்ஜா? என் கார்டுல நான் யாருக்கும் எதுவும் எடுத்துக் குடுக்க மாட்டேன். பேரு குடுத்துட்டா அதுக்குப் பங்கு கேப்பியா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"எனக்கு என்னாத்துக்கு அண்ணி உங்க கார்டு? நீங்க கட்டலன்னா நான்ல கட்டணும்? ஜாமீன் போட்டவ ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

அன்று கேட்காமலே ஐசி எண்ணைச் சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் வேறொரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள்தான். தாளில் பெயர் போடுவது என்றால் அவளுக்கும் ஒரே அர்த்தம்தான்.

அவள் நிறுத்தவில்லை. கடைக்கு ஒரு ஃப்ரீசர் தவணையில் எடுக்கப் போவதாக இருந்ததாம். என் பாரத்தில் பெயர் போட்ட பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டாளாம். ஒரு பெயர் இரண்டு கடனைத் தாங்காது, அண்ணிக்கு ஏதாவது ஆகி நம்மிடம் வந்தால் கட்டக் கையில் இருக்க வேண்டுமே என்று. தினமும் விடியலில் ஐஸ் வாங்கி, கோழியைப் பெட்டியில் போட்டு வைத்துத்தான் கடையை ஓட்டுகிறாளாம்.

அவளை உட்கார வைத்தேன். அது ஜாமீன் இல்லை, பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் என்று பாரத்தின் நகலை எடுத்து வரி வரியாகக் காட்டினேன். நம்பவில்லை. பின்பக்கத்தைக் காட்டினேன். கொஞ்சம் நம்பினாள்.

"அப்ப இத்தன மாசமா நான் சும்மாவா பயந்தேன்?"

"ஜாமீன்னு நெனச்சுக்கிட்டு எப்படி உடனே சரின்னு சொன்ன?" என்றேன். எனக்கு அதுதான் பிடிபடவில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க யாருக்கும் பேரு குடுக்க மாட்டீங்க, யாருகிட்டயும் கேக்கவும் மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவங்களே கேக்குறாங்கன்னா வேற வழியே இல்லன்னுதான அர்த்தம்? பிள்ள படிப்பு விசயம்னு நெனச்சேன். எப்படி மாட்டேன்னு சொல்றது?"

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அன்று அவள் கொண்டுவந்த அரிசியில்தான் சோறு ஆக்கினேன்.

விழாவுக்குப் போய் வந்தோம். கறுப்பு அங்கியில் மகளைப் பார்த்ததும் நான் அழுத அழுகையில் படங்கள் எல்லாவற்றிலும் என் மூக்கு சிவந்திருக்கிறது. அதில் ஒன்றை நாத்தனாருக்கு அனுப்பினேன். திரும்பி வந்த பிறகு ஒருநாள் கணவர் பேச்சுவாக்கில் சொன்னார், தங்கச்சி மறுபடி போய்க் கேட்டும் ஃப்ரீசர் கிடைக்கவில்லை என்று. சாலையோரக் கடைக்காரிக்குச் சம்பளச் சீட்டு ஏது? சீட்டு உள்ளவர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். என்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எந்தச் சத்தியத்தையும் காப்பாற்றுகிற வாய் இல்லை அவருடையது.

மூன்று நாள் அதை அசைபோட்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் ஜொகூரும் இரண்டு ஆடுகளும் மாறி மாறி வந்து போனார்கள். நான்காம் நாள் லீவு போட்டேன். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு பெண்டாங்குக்குப் போனோம்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு விசில் சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா? நேராகச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் அவள் குக்கர். அதன் மேல் என் வெயிட், ஒரு பக்கம் நசுங்கியது. எங்களோடு கடைக்குக் கிளம்ப அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்து, ஆவி அடங்கும்வரை நின்று, அதைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கையோடு கொண்டுவந்த அவளுடைய புது வெயிட்டை அந்த இடத்தில் வைத்தேன். ஆமாம், கொண்டு போயிருந்தேன். சந்தேகம் இல்லாமலா?

மின்சாதனக் கடையின் முதலாளி, சீனத் தவுக்கே, பாரத்தை என் முன்னால் வைத்தார். முன்பக்கம், பின்பக்கம், இரண்டையும் படித்தேன். இது பெயர் மட்டும் இல்லை, அசல் ஜாமீன். மேலே மின்விசிறி சுற்றி, தாள் படபடவென்று பறந்தது. ஐசியை எடுக்கக் கைப்பையில் கை விட்டபோது துணியோடு அந்த வெயிட்டும் வந்து மேசையில் டொக்கென்று விழுந்தது. நாத்தனார் அதைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அண்ணி, அது வந்து..."

"பேசாம இரு. கையெழுத்துப் போட விடு."

தாள் பறக்காமல் இருக்க வெயிட்டை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தேன். அவள் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும், தெரியும்தானே என்று தவுக்கே மலாயில் கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறையும் கேட்டார்.

"தெரியும் லா," என்று சொல்லிவிட்டு என் பெயரை எழுதினேன்.